கணிப்பொறியின் பசியைக் குறைப்போம்!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

'பசித்துப் புசி' என்பது நம் முன்னோர் மனிதர்களுக்குச் சொல்லிவைத்த அறிவுரை. அதே அறிவுரையைக் கணிப்பொறிக்கும் சொல்லலாம் என்பதைக் கடந்த கோடை விடுமுறையில் நான் அறிந்துகொண்டேன். அன்புத் தோழியரே! அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் இல்லம் பிள்ளையார்பாளையத்தில் உள்ளது. என் தாத்தா தறியில் அமர்ந்து பட்டு நெய்தவர். என் தந்தையோ சேலைகளுக்கு வேண்டிய கரை, புட்டா, முந்தானை ஆகியவற்றின் வடிவங்களை வரைந்து கொடுப்பவர். முன்பெல்லாம் கட்டம் போட்ட பெரிய தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் தீட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டைகளில் துளையிடுவார்கள். இன்று அந்தக் கட்டங்களை எல்லாம் மேசைக் கணிப்பொறியில் என் தந்தை வரைகிறார்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள். திருமணச் சேலை ஒன்றின் முந்தானை முடியும் தறுவாயில் கணிப்பொறி தானாகவே அணைந்துவிட்டது. சேமித்து வைக்காத இரண்டு மணி நேர உழைப்பு வீணாயிற்று. மறுநாளும் அதே நேரத்தில் அவ்வாறே நடந்தது. எங்கள் அறைக்கு மேலே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பழுது பார்க்க வந்தவர், "புதுப் பெட்டி வாங்குங்கள், அல்லது அறைக்கு ஏ.சி. வையுங்கள்" என்று கூறிச் சென்றார். இரண்டிற்கும் வீட்டில் பணம் இல்லை. அங்கே தறியில் பாவு ஏற்றிவிட்டு நெசவாளர் முந்தானை வடிவத்திற்காகக் காத்திருந்தார்.

பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பிற்குச் சென்றபோது எங்கள் அறிவியல் ஆசிரியைச் சகோதரியிடம் இதனைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "உள்ளே போகும் மின்சாரம்தானே வெப்பமாக வெளியே வருகிறது? போவதைக் குறைத்தால் வருவதும் குறையுமே! எங்கே போகிறது என்று கண்டுபிடி" என்றார். அந்த ஒரு சொல்லே எனக்கு வழிகாட்டியாயிற்று.

மின்சாரம் எங்கே போகிறது?

கணிப்பொறியின் மூளை போன்றது பிராசஸர் எனப்படும் சில்லு. அதனுள்ளே கோடிக்கணக்கான மிகச் சிறிய மின் கதவுகள் உள்ளன. இவற்றுக்கு டிரான்சிஸ்டர் என்று பெயர். இக்கதவுகள் திறந்து மூடும்போதெல்லாம் நுண்ணிய அளவில் மின்னூட்டம் நிரம்புகிறது, பின்னர் வடிகிறது. இவ்வாறு நிரப்புவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் செலவே பிராசஸர் வேலை செய்யும்போது உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதி.

இச்செலவு மூன்றைப் பொறுத்தது. ஒன்று, நிரப்ப வேண்டிய கொள்ளளவு. இதனை மின்தேக்குத்திறன் என்பர். இரண்டு, மின்னழுத்தம், அதாவது வோல்ட். மூன்று, ஒரு வினாடியில் எத்தனை முறை நிரப்பி வடிக்கிறோம் என்னும் அதிர்வெண். இதையே நாம் கணிப்பொறியின் வேகம் என்கிறோம். கொள்ளளவை மின்னழுத்தத்தால் இருமுறை பெருக்கி, அதிர்வெண்ணால் ஒருமுறை பெருக்கினால் செலவாகும் மின்திறன் கிடைக்கும்.

மின்னழுத்தத்தால் மட்டும் ஏன் இருமுறை பெருக்க வேண்டும்? ஓர் உயரமான நீர்த்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் உள்ள குழாய் வழியாக நீரை ஏற்றுகிறோம். ஒரு முழ உயரத்திற்குப் பதிலாக இரண்டு முழ உயரம் நிரப்பினால் நீரின் அளவு இரு மடங்காகிறது. அந்த நீரை உந்தித் தள்ள வேண்டிய உயரமும் இரு மடங்காகிறது. ஆகவே உழைப்பு நான்கு மடங்காகிறது. மின்னழுத்தம் என்பது இந்த நீர்மட்டத்தைப் போன்றது. அதைப் பாதியாக்கினால் செலவு கால் பங்காகிவிடும்!

வேகத்தைக் குறைப்பதா, அழுத்தத்தைக் குறைப்பதா?

வேகத்தைக் குறைத்தால் போதும், மின்சாரம் மிச்சமாகும் என்றே நானும் முதலில் எண்ணினேன். ஒரு சிறு கணக்குப் போட்டபோதுதான் என் எண்ணம் தவறு என்று விளங்கியது.

ஒரு பிராசஸர் 1.2 வோல்ட்டில் 3.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குவதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு 360 கோடி துடிப்பு. மின்னழுத்தத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் 3.0 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் மின்திறன் ஆறில் ஒரு பங்கு குறையும். ஆனால் 10 நிமிடத்தில் முடியும் வேலைக்கு இப்போது 12 நிமிடம் ஆகும். ஒரு கையால் மிச்சம் பிடித்ததை மறு கையால் செலவிட்டுவிட்டோம். அந்த வேலைக்கு ஆன மொத்த மின்சாரத்தில் மிச்சம் ஒன்றுமில்லை.

வேகத்தோடு மின்னழுத்தத்தையும் 1.0 வோல்ட்டாகக் குறைத்தால் என்ன ஆகும்? மின்திறன் சுமார் 42 விழுக்காடு குறைகிறது. வேலை 12 நிமிடம் நீண்டாலும், அவ்வேலைக்கு ஆகும் மொத்த மின்சாரம் சுமார் 31 விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஆகவே சிக்கனத்தின் சூட்சுமம் மின்னழுத்தத்தில்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைப்பது அந்த அழுத்தத்தைக் குறைக்க வழிவிடுகிறது. ஏனெனில் விரைவாகத் திறந்து மூடவேண்டிய கதவுக்குத்தான் அதிக அழுத்தம் வேண்டும். நிதானமாக இயங்கும் கதவுக்குக் குறைந்த அழுத்தமே போதும்.

சில்லின் வரலாறு

1971-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அது 15 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கியது. 1978-இல் வந்த 8086 சில்லுக்கு 5 வோல்ட் போதுமாயிற்று. இந்தியாவில் பிறந்த பொறியாளர் வினோத் தாம் அவர்களின் பெரும்பங்கோடு உருவான பென்டியம், 1993-இல் 5 வோல்ட்டில் வந்து, மறு ஆண்டே 3.3 வோல்ட்டுக்கு இறங்கியது. இன்றைய சில்லுகளோ ஏறத்தாழ 1 வோல்ட்டில் இயங்குகின்றன.

டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே அளவில் குறைத்துக்கொண்டே போகலாம். ஆகவே சில்லின் சூடு ஏறாது என்று ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974-இல் எடுத்துக் காட்டினர். முப்பது ஆண்டுகள் வரை இவ்வழி பலித்தது. பின்னர் ஒரு தடை வந்தது. கதவுகள் மிகச் சிறியவையாகிவிட்டதால், மூடிய குழாயிலிருந்து நீர் சொட்டுவது போல, மூடியிருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை மேலும் இறக்க இயலவில்லை. ஆனால் வேகமோ ஏறிக்கொண்டே போயிற்று.

2004-இல் வந்த பென்டியம் 4 வகைச் சில்லுகளில் சில 115 வாட் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாட்டை வேண்டி நின்றன. நம் வீட்டு மின்விசிறி 75 வாட் என்றால், ஒரு விரல் நக அளவுச் சில்லு ஒன்றரை மின்விசிறியின் மின்சாரத்தை உண்டது என்று பொருள்! அவ்வாண்டு மே மாதத்தில், 'தேஜஸ்' என்ற பெயரில் உருவாக்கி வந்த அடுத்த சில்லை இன்டெல் நிறுவனம் கைவிட்டது. ஒளி என்று பொருள்படும் பெயர் கொண்ட அது, வெளிச்சத்திற்கு வராமலேயே போயிற்று.

அதன்பின் அறிஞர்கள் வேறு வழி கண்டனர். ஒரே சில்லினுள் இரண்டு பிராசஸர்களை வைத்து, இரண்டையும் நிதானமாக ஓட்டினர். 2006-இல் வந்த கோர் 2 டுவோ வகையில் பலவற்றுக்கு 65 வாட் அளவே போதுமாயிற்று. நமக்கு இது புதிதல்லவே! கோர்வைச் சேலை நெய்யும்போது நெசவாளி ஒருவரே இரு பக்கக் கரைக்கும் ஓடுவதில்லை. மறு பக்கத்தில் உதவியாள் அமர்ந்து நாடாவைத் தள்ளிக் கொடுக்கிறார். ஒருவரை விரட்டுவதைவிட இருவர் நிதானமாகச் செய்வது நன்று.

சென்னையில் பிறந்த 'சக்தி'

சில்லு வடிவமைப்பு என்பது கடல் கடந்த நாடுகளுக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் வீ. காமகோடி அவர்களின் குழுவினர் 'சக்தி' என்னும் பிராசஸர் குடும்பத்தை வடிவமைத்துள்ளனர். 2018-இல் அவர்கள் வடிவமைத்த சில்லு ஒன்று அமெரிக்காவில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் உருவாயிற்று. அதே ஆண்டில் மற்றொன்று நம் நாட்டிலேயே, சண்டிகருக்கு அருகில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் உருவாயிற்று. 2020-இல் 'மௌஷிக்' என்னும் சில்லும் வந்தது.

இக்குடும்பத்தில் சிறு கருவிகளுக்கு ஒரு வகை, நடுத்தர வேலைகளுக்கு ஒரு வகை, கனமான வேலைகளுக்கு ஒரு வகை என்று தனித்தனியே பிரித்து வைத்திருப்பது என் மனத்தைக் கவர்ந்தது. கைக்குட்டை நெய்ய யாராவது முந்தானைத் தறியைப் பூட்டுவார்களா? வேலைக்கு ஏற்ற சில்லைத் தேர்ந்தெடுப்பதே முதற் சிக்கனம் ஆகும். கடையில் கணிப்பொறி வாங்கும்போதும் இதனை நினைவில் கொள்ளலாம். 35 வாட், 65 வாட், அதற்கும் மேல் என்று பல வகைகள் உண்டு. கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் பெரும் பசிகொண்ட சில்லு தேவையில்லை.

ஜக்கார்டு சொல்லும் பாடம்

1804-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு நாட்டில் ஜோசப் மரீ ஜக்கார்டு அமைத்த தறிப்பொறியில், அட்டையில் துளை உள்ள இடத்தில் மட்டுமே கொக்கி உயரும். அதனோடு இணைந்த பாவு இழையும் உயரும். துளை இல்லாத இடத்தில் இழை அசையாது. ஒவ்வொரு முறையும் எல்லா இழைகளையும் தூக்கி இறக்கினால் பூவும் வராது, காலும் ஓய்ந்துபோகும்.

இன்றைய பிராசஸரும் இதைத்தான் செய்கிறது. எந்தப் பகுதிக்கு வேலை இல்லையோ, அந்தப் பகுதிக்குத் துடிப்பு செல்லாதபடி நிறுத்திவிடுகிறது. வேலை சற்று நேரம் இல்லையென்றால் அரைத் தூக்கம். இன்னும் நீண்டால் ஆழ்ந்த தூக்கம் என்று தானே படிப்படியாக ஓய்வெடுக்கிறது. வேகத்தை இறக்கும்போது மின்னழுத்தத்தையும் தானே இறக்கிக்கொள்ளும் ஏற்பாட்டிற்கு இன்டெல் நிறுவனம் 'ஸ்பீட்ஸ்டெப்' என்றும், ஏ.எம்.டி. நிறுவனம் 'கூல் அண்ட் கொயட்' என்றும் பெயர் சூட்டின. இவ்வளவும் கணிப்பொறியிலேயே இருக்க, நாம் செய்யவேண்டியது அதற்கு எல்லை வகுப்பது மட்டுமே.

எங்கள் வீட்டுச் சோதனை

முதலில் பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே இருந்த விசிறியிலும் அதன் அடியில் உள்ள உலோகத் தகடுகளிலும் தூசியும் பட்டுப் பிசிறும் மெத்தை போலப் படிந்திருந்தன. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மென்மையான தூரிகையால் துடைத்தோம். சத்தம் குறைந்தது. ஆயினும் மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கணிப்பொறி மீண்டும் அணைந்தது. தூசி மட்டுமே காரணமன்று என்று தெரிந்தது.

அடுத்து, மின்சாரத்தை அளக்க விரும்பினேன். எங்கள் வீட்டு மின்மானியில் ஒரு சிவப்பு விளக்கு இமைத்துக்கொண்டே இருக்கும். 3,200 முறை இமைத்தால் ஒரு யூனிட் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மின்திறனை ஒரு மணி நேரம் செலவிடுவதாகும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணிப்பொறியை மட்டும் ஓடவிட்டு, மின்மானியின் முன் கடிகாரத்தோடு நின்றேன். மூன்று நாள் நடந்த இச்சோதனையின்போது என் பாட்டி பனையோலை விசிறியோடு பொறுமையாக அமர்ந்திருந்தார். இக்கட்டுரையில் அவருக்கும் பங்குண்டு.

கணிப்பொறி சும்மா இருந்தபோது 10 நிமிடத்தில் ஏறத்தாழ 32 முறை விளக்கு இமைத்தது. கணக்கிட்டால் 60 வாட். முந்தானை ஓவியம் ஒன்றைக் கட்டங்களாக மாற்றும் வேலையைக் கொடுத்தபோது, அது 10 நிமிடத்தில் முடிந்தது. விளக்கு 64 முறை இமைத்தது. அதாவது 120 வாட்.

பின்னர் விண்டோஸில் கன்ட்ரோல் பேனலுக்குச் சென்று, பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட் என்பதன் கீழ் உள்ள மாக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் என்னும் அளவை 100-இலிருந்து 80-ஆக மாற்றினேன். அதே வேலை இப்போது பன்னிரண்டரை நிமிடத்தில் முடிந்தது. விளக்கு ஏறத்தாழ 60 முறை இமைத்தது. மின்திறன் 90 வாட்டாக இறங்கியிருந்தது.

ஆசை யாரை விட்டது? அளவை 50-ஆகவும் குறைத்துப் பார்த்தேன். மின்திறன் 75 வாட்டாக இறங்கியது. ஆனால் வேலை முடிய 20 நிமிடம் ஆயிற்று. மொத்தம் 80 இமைப்புகள்! மிச்சம் பிடிக்கப்போய் நட்டத்தில் முடிந்தது.

இது ஏன்? 80-இல் வைத்தபோது பிராசஸர் கூடுதலாக உண்டது 10 வாட்-மணியிலிருந்து சுமார் 6 வாட்-மணியாகக் குறைந்தது உண்மை. ஆனால் திரை, தட்டு, பலகை ஆகிய மற்ற உறுப்புகள் இரண்டரை நிமிடம் கூடுதலாக விழித்திருந்து 10-க்குப் பதில் பன்னிரண்டரை வாட்-மணி உண்டுவிட்டன. 50-இல் அவை 20 நிமிடம் விழித்திருந்தன. மேலும் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது. அதன்பின் வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் வேலை நீளுமே தவிர மிச்சம் வராது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது சிக்கனத்திற்கும் பொருந்தும்!

எண்ணிப் பார்த்தால், ஒரு வேலைக்கு எனக்குக் கிடைத்த மிச்சம் வெறும் நான்கு இமைப்புகளே. அப்படியானால் பயன் என்ன? 120 வாட் வெப்பம் 90 வாட்டாகக் குறைந்ததுதான் பயன். 80-இல் வைத்த நாளிலிருந்து அந்தக் கோடை முழுவதும் கணிப்பொறி ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை. திருமணச் சேலையின் வடிவம் நெசவாளரிடம் சென்று சேர்ந்தது. புதுப் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை, ஏ.சி.யும் வேண்டியிருக்கவில்லை.

மின்கட்டணத்திற்கான பெரிய மிச்சம் வேறோர் இடத்தில் ஒளிந்திருந்தது. சாப்பிடும்போதும், தறிக்காரர்களோடு பேசும்போதும், கடைக்குச் செல்லும்போதும் எங்கள் கணிப்பொறி நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது சும்மா விழித்திருந்தது. 60 வாட் வீதம் நான்கு மணி நேரத்திற்கு 240 வாட்-மணி. மாதம் 25 வேலை நாள் என்றால் 6 யூனிட். இரண்டு மாதத்திற்கு 12 யூனிட்! இப்போது பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது தூங்கும்படி அமைத்துவிட்டோம். தூங்கும்போது அது உண்பது மிகச் சொற்பமே.

தோழியருக்குச் சில குறிப்புகள்

பெட்டியின் உட்புறத்தை ஆண்டுக்கு இருமுறையாவது, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தூசி தட்டுங்கள். சூடு ஏறினால் கசிவும் ஏறும். குளிர்ந்த சில்லு குறைவாகவே கசியும். பிராசஸரின் உச்ச அளவைச் சற்றுக் குறைத்து வையுங்கள், மிகவும் குறைக்காதீர்கள். எழுந்து செல்லும்போது கணிப்பொறியைத் தூங்க வையுங்கள். வண்ணப்படங்கள் ஓடும் திரைக்காப்பு ஓய்வு ஆகாது. அதுவும் ஒரு வேலையே. மின்னழுத்தத்தை நேரடியாகக் குறைக்கும் வழியும் சில கணிப்பொறிகளில் உண்டு. ஆனால் சில்லுக்கு வேண்டிய அளவுக்குக் கீழே இறக்கினால் கணக்குப் பிழைகள் நேரும். கணிப்பொறி பாதியில் நின்றும் போகும். ஆகவே விவரம் அறிந்தவர் துணையின்றி அதில் இறங்க வேண்டாம்.

முடிவுரை

கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. "இலவசம்தானே, எரிந்தால் என்ன?" என்று கேட்பாரும் உண்டு. கட்டணம் நமக்கு இலவசமாக இருக்கலாம். ஆனால் அதற்காக எங்கோ எரியும் நிலக்கரி இலவசம் அன்று. அது வெளியிடும் புகையும் எவர் வீட்டு வாசலிலும் நின்றுவிடுவதில்லை.

ஆண்டுதோறும் டிசம்பர் 14-ஆம் நாள் நம் நாட்டில் தேசிய ஆற்றல் சேமிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஒரு நாள் மட்டும் பேசிவிட்டுப் போகாமல், அன்றாடம் ஓர் இமைப்பையேனும் மிச்சம் பிடிப்போம். சிறு துளி பெரு வெள்ளம் அல்லவா? என் தந்தை இப்போது எழுந்து செல்லும்போதெல்லாம் கணிப்பொறியைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் தூங்கு" என்று கூறிவிட்டுத்தான் போகிறார். தோழியரே, இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் வீட்டு மின்மானியின் முன் பத்து நிமிடம் நின்று, அந்தச் சிவப்பு விளக்கு எத்தனை முறை இமைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு நீங்களே கணக்குப் போடத் தொடங்கிவிடுவீர்கள்!